முகவரி இல்லாத கடன்

கடன்களுள் எளிதானது, கொடுத்தவரின் பெயரும் ஊரும் தெரிந்த கடன். வாங்கியவன் வறியவனாய் இருந்து அதைத் தீர்க்க இயலாமற் போகலாம். ஆயினும் யார் முன் தலைகுனிய வேண்டும் என்பதையாவது அவன் அறிவான். கொடுத்தவர் இன்னாரெனத் தெரியாத கடன் அத்தகையதன்று. வாங்கியதே நம் நினைவில் இருப்பதில்லை, நினைவூட்டுவாரும் இல்லை. நினைவு வந்த பின்னரோ எந்த வாயிலில் போய் நிற்பது என்று விளங்குவதில்லை. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் அங்கே உதவி செய்தவர் பெரும்பாலும் நம் கண்ணெதிரே இருப்பவர். காணாதவருக்கு நன்றி பாராட்டுவது எங்ஙனம்? இக்கேள்வியை ஒரு நெல் ரகத்தின் வரலாற்றோடு சேர்த்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

தமிழகத்து அரிசிக் கடைகளில் பி.பி.டி. என்றும் ஆந்திரா பொன்னி என்றும் விற்கப்படும் சன்ன அரிசி நம்மில் பலருடைய வீட்டு உலையில் வேகிறது. ஆந்திரத்தின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986இல் வெளிவந்த பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, தான் அது. இந்நெல்லின் வமிசாவளியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு மூதாதை, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24. மற்றொன்று, தைவான் நாட்டிலிருந்து வந்த குட்டை நெல். மூன்றாவது, மலேசியாவில் உருவான மசூரி. லங்காவித் தீவின் கதைகளில் வரும் கற்புடைய பெண்ணொருத்தியின் பெயர் அது. நம் ஊர்ச் சோறு என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்வது இத்தனை நாடுகளின் சேர்க்கை.

சோற்றின் பதத்திலும் மணியின் சன்னத்திலும் குறை சொல்ல முடியாத இந்நெல்லுக்கு ஒரு பலவீனம் இருந்தது. பாக்டீரியா இலைக்கருகல் என்னும் நோய் அதை எளிதில் பற்றிக்கொள்ளும். இலையின் நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மஞ்சள் கோடாகத் தொடங்கி, வைக்கோல் நிறமாக உலர்ந்து, இலை முழுவதையும் அது கருக்கிவிடும். இளம்பயிரில் பற்றினால் செடியே வாடிச் சாயும். மழைத்துளியும் காற்றும் பாய்ச்சும் நீரும் கிருமியை வயலுக்கு வயல் கொண்டு செல்கின்றன. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் நோயும் மிகும். பீகாரின் ஷாகாபாத் பகுதியில் 1963இல் இந்நோய் பேரழிவு செய்தது. 1979, 1980 ஆண்டுகளில் பஞ்சாபிலும் அரியானாவிலும், 1998இல் நமக்கு அண்டையிலுள்ள பாலக்காட்டிலும் அது பெருவாரியாகப் பரவியது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பசுஞ்சாணக் கரைசலைத் தெளிப்பது இன்றும் பரிந்துரைக்கப்படும் ஒரு முறை என்றால், மருந்துக்கடையில் உழவருக்குக் கிடைக்கும் துணை எவ்வளவு என்பதை உணரலாம். ஆகவே காவல், செடியின் உள்ளேயே இருந்தாக வேண்டும்.

அக்காவலை உள்ளே வைத்தவர்கள் ஐதராபாத்தில் இருந்த இரு நிறுவனங்களின் அறிவியலார். நெல் ஆராய்ச்சி இயக்ககமும் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் இணைந்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியிடப்பட்டது. லூதியானாவின் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு நெல்லில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் மூன்று ஏற்கெனவே ஒருசேர இருந்தன. அதைச் சம்பா மசூரியோடு கலந்தார்கள். கலப்பில் பிறந்ததை மறுபடியும் சம்பா மசூரியோடு சேர்த்தார்கள். இவ்வாறு நான்கு முறை மீண்டும் மீண்டும் சேர்த்து, சம்பா மசூரியின் இயல்பு முழுவதையும் திரும்பப் பெற்று, எதிர்ப்புத்திறனை மட்டும் தக்கவைத்துக்கொள்வதே நோக்கம்.

இங்கே ஒரு சிக்கலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இம்முறையின் நுட்பம் அதில்தான் இருக்கிறது. பழைய நாளில் நோயெதிர்ப்பைச் சோதிக்கக் கத்தரிக்கோலைக் கிருமிக் கரைசலில் தோய்த்து இலை நுனிகளை வெட்டுவார்கள். இரு வாரம் கழித்துக் கருகல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். ஒரே மரபணுவைத் தேடும்போது இது போதும். மூன்று இருந்தால்? ஒன்றே செடியைக் காப்பாற்றிவிடுமானால், மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றனவா இல்லையா என்று எப்படி அறிவது? நலமாக நிற்கும் இரு செடிகளில் ஒன்றுக்கு ஒரே காவலன், மற்றொன்றுக்கு மூவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. மேலும், அம்மூன்றில் இரண்டு ஒடுங்கிய தன்மையுடையவை. தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்து இரட்டையாக நின்றாலன்றி அவை தம்மை வெளிக்காட்டா. கலப்பில் பிறந்த செடி அவற்றை ஒற்றையாகச் சுமந்துகொண்டிருக்கும். ஆனால் நோய்க்கு இரையாகும். சோதனையில் தோற்றதென்று அச்செடியை எறிந்துவிட்டால் உள்ளிருந்த செல்வமும் அதனோடு போய்விடும்.

மார்க்கர் எனப்படும் அடையாளக்குறி பயன்படுவது இங்கேதான். வீட்டு எண் தெரியாத ஊரில், பனைமரத்துக்கு அடுத்த வீடு என்று சொல்லி வழிகாட்டுவோம் அல்லவா? அதைப்போல, வேண்டிய மரபணுவுக்கு மிக அண்மையில் எப்போதும் அதனோடு சேர்ந்தே வரும் ஒரு டி.என்.ஏ. துண்டு அடையாளமாகிறது. நாற்றின் ஓர் இலைத் துணுக்கே போதும். நோயைச் செடிக்குக் கொடுக்காமலே, அது பூக்கும் முன்னரே, உள்ளே சுமந்திருப்பது இன்னதென்று அறிந்துகொள்ளலாம். பனைமரத்துக்கும் வீட்டுக்கும் இடைவெளி மிகுந்தால் வழி தவறும். ஆகவே குறி நெருக்கமானதாகவோ மரபணுவுக்குள்ளேயே அமைந்ததாகவோ இருக்க வேண்டும். இதே முறையால், பிற இடங்களில் சம்பா மசூரியின் இயல்பு எந்தச் செடியில் மிகுதியாகத் திரும்பியிருக்கிறது என்பதையும் கண்டு தேர்ந்தார்கள். இறுதியில் கிடைத்த நெல் நோயை எதிர்த்து நின்றது. சமைத்தபோது அதே சம்பா மசூரியாகவும் இருந்தது.

படைத்தவரின் பணியில் மனிதன் கைவைக்கலாமா என்று நம் வாசகருள் சிலர் இதற்குள் கேட்டிருப்பர். நல்ல கேள்விதான், ஆனால் இந்த இடத்துக்கு உரியதன்று. மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து எடுத்து மற்றொன்றில் தூவியது அன்றி, இந்நெல்லுக்குள் யாரும் எதையும் செலுத்தவில்லை. அடையாளக்குறி செடியை மாற்றுவதில்லை; செடியில் உள்ளதைக் காட்டுகிறது. வயலில் நல்ல கதிரைக் கண்டு விதைக்கென ஒதுக்கி வைத்த பாட்டி கண்ணால் செய்ததை, ஆய்வகம் இன்னும் கூர்மையான கண்ணால் செய்கிறது. இதில் அகந்தை இருக்கிறதென்றால் பாட்டியிடமும் இருந்தது. நம்மை உறுத்துவது வேறு. உள்ளே இருந்த அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன?

இரண்டு வங்கப் பகுதியிலிருந்து வந்தன. ஆவுஸ் என்னும் பருவத்துக்குரிய நாட்டு நெல்வகைகள் அவற்றை நெடுங்காலமாகத் தாங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று காக்கும் விதம் அறிந்து மகிழத்தக்கது. கிருமி, நெற்செடியின் சர்க்கரைக் கதவொன்றைத் திறக்கும் சாவியைத் தன்னோடு கொண்டுவருகிறது; கதவு திறந்ததும் வெளிவரும் சர்க்கரையை உண்டு பெருகுகிறது. அந்த ஆவுஸ் நெல்லிலோ கதவின் பூட்டு சிறிதே மாறியிருக்கிறது. சாவி நுழைவதில்லை. போர் ஏதுமில்லை, பகைவன் பட்டினி கிடக்கிறான், அவ்வளவே.

வங்கத்தை எண்ணும்போது 1943ஐ எண்ணாதிருக்க இயலவில்லை. முந்திய ஆண்டில் பழுப்புப் புள்ளி நோய் நெல்லைத் தாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு பஞ்சம் இலட்சக்கணக்கானோரை விழுங்கியது. நோயே பஞ்சத்தின் காரணம் என்று தாவரநோய் அறிஞர் சிலர் எழுதினர். உணவு இருந்தும் வாங்கும் வலிமை ஏழைக்கு இல்லாமற் போனதே காரணம் என்று 1981இல் அமர்த்தியா சென் வாதிட்டார். நோயெதிர்ப்பு நெல் ஒன்றே பசியைப் போக்கிவிடும் என்று எவரேனும் சொன்னால், இவ்வாதத்தை அவர் மறந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். எனினும் அப்பஞ்சத்தின் பின் 1946இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. நம் கதையின் மூன்றாம் மரபணு அங்கே கண்விழிக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஒரு காட்டு நெல் வளர்கிறது. நிலத்தடித் தண்டால் படர்ந்து, பிடுங்கப் பிடுங்க மீண்டும் முளைப்பது. நெல் பயிரிடும் உழவருக்கு அது களை. பேலா என்னும் எளிய மக்களுக்கோ அதன் மணிகள் உணவு. 1970களின் பிற்பகுதியில், மாலியிலிருந்து வந்த இத்தகைய செடியொன்று கட்டாக்கில் சோதிக்கப்பட்டபோது, ஏவிய கிருமிவகைகளையெல்லாம் எதிர்த்து நின்றது. பிலிப்பைன்சின் லாஸ் பானோசிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் குஷ் என்னும் பஞ்சாபியரும் உடனுழைத்தோரும் பத்தாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டு, அந்த ஆற்றலைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்து 1990இல் அறிவித்தனர். எக்ஸ்.ஏ.21 எனப் பெயர் பெற்ற அம்மரபணுவை 1995இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பமேலா ரொனால்டின் குழுவினர் தனியே பிரித்தெடுத்தனர். செடியின் உயிரணுவுக்கு வெளியே நின்று கிருமியின் வருகையை உணர்த்தும் காவலன் அது என்பது பின்னர் தெளிவாயிற்று.

பிரித்தெடுத்ததற்கு அப்பல்கலைக்கழகம் காப்புரிமை கோரியது. 1999இல் அமெரிக்க அரசு அதை வழங்கியது. இப்போது விந்தையைக் காண்க. லாஸ் பானோசில் இனக்கலப்பால் உருவான நெல்லுக்குள் இருந்த எக்ஸ்.ஏ.21 கேட்டவருக்கெல்லாம் விதையாக வழங்கப்பட்டது. லூதியானா வழியாக ஐதராபாத்துக்கு வந்ததும் அதுவே. அதே மரபணு, ஆய்வகக் குழாயில் தனித்து நின்றபோது ஒருவரின் சொத்தாயிற்று. பொருள் ஒன்று, விதையாய் இருக்கையில் பொதுவுடைமை, அறிவாய் ஆனதும் தனியுடைமை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட நூறாம் ஆண்டுச் சுற்றுமடலில், நிலத்தைப்போலவே அறிவும் தொழில்நுட்பமும் உடைமையின் வடிவமாகிவிட்டன என்று கூறியதை இங்கே நினைக்கிறோம். நிலவுடைமைக்குச் சமூகக் கடமை உண்டென்று நெடுங்காலமாகப் போதித்துவரும் திருச்சபை, இப்புதிய உடைமையையும் அக்கடமையிலிருந்து விடுவிக்கவில்லை.

டேவிஸ் நகரத்தாரைக் கல்நெஞ்சர் என்று சொல்வது அநீதியாகும். அவர்கள் தம் கடனை உணர்ந்தார்கள். மரபணுவை வணிகமாக்கும் நிறுவனங்கள் தரும் தொகையிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, மாலி முதலிய நாடுகளின் மாணவருக்குக் கல்வி உதவி அளிக்கும் நிதியொன்றை 1990களின் நடுவில் அமைத்தார்கள். அக்காலத்தில் இப்படி எண்ணியவர் மிகச் சிலர். இரண்டு நிறுவனங்கள் விருப்பம் தெரிவித்து ஒப்பந்தமும் செய்தன. ஆனால் இரண்டுமே அம்மரபணுவைக் கொண்டு எதையும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. இலாபம் வரவில்லை, ஆதலால் எதிர்பார்த்த பங்கும் வரவில்லை. காப்புரிமையின் காலமும் முடிந்துவிட்டது. இதற்கிடையே 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்த மாத்திரத்தால் அது ஒருவருக்கு உரியதாகாது என்று மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்தது.

அந்நிதியின் பிழை உள்ளத்தில் இருந்ததாக நாம் கருதவில்லை, அமைப்பில் இருந்தது. இலாபம் கிடைத்தால் நன்றி செலுத்துவேன் என்பதில் உள்ள ஆல் என்னும் ஈரெழுத்துதான் பிழை. கடன் பட்டது விதை கைக்கு வந்த நாளில். விற்பனை தொடங்கும் நாளில் அன்று. சம்பா மசூரி உண்ணும் நாம் எந்தக் காப்புரிமையும் பெறவில்லை, இலாபமும் ஈட்டவில்லை. ஆகவே நமக்குக் கடனே இல்லையா?

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. மாலி மக்கள் அந்த எதிர்ப்பாற்றலை உண்டாக்கவில்லை. வங்கத்து உழவர் தலைமுறை தலைமுறையாக ஆவுஸ் நெல்லைத் தெரிந்து விதைத்தார்கள் என்றாவது சொல்லலாம். காட்டு நெல்லையோ எவரும் விதைக்கவில்லை. வயலிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தார்கள். உழைக்காதவனுக்கு என்ன கூலி? மேலும், யாருக்குக் கொடுப்பது? மாலி அரசுக்கா? உண்ட பேலா மக்களுக்கா? பிடுங்கிய உழவருக்கா? அச்செடி நாட்டெல்லை அறியாது பல நாடுகளில் வளர்வது. கணக்குத் தீர்க்க முற்படுபவர் இங்கே திகைத்து நின்றுவிடுகிறார். பலர் இத்திகைப்பையே காரணமாக்கி நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

கூலியின் கணக்கில் பார்த்தால் மறுப்பு சரியே. ஆனால் எல்லாக் கடனும் கூலிக் கடனன்று. லேவியர் நூலின் அறுவடைச் சட்டத்தை எண்ணிப் பார்ப்போம். வயலின் ஓரக் கதிர்களை அறுக்காது ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும். அந்த ஏழை அவ்வயலில் உழுதவரல்லர். போவாசின் வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத்து அந்நாட்டவர் கூட அல்லர். பெற்றுக்கொள்ளும் தகுதியை நிறுவும்படி சட்டம் அவர்களைக் கேட்கவில்லை. வயலுக்குரியவர் தம் நிலத்தைத் தாமே படைத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் நினைவூட்டியது. கடன்காரர் இன்னார் என்று பெயர் குறிக்காமலே கடனை நிலத்தின் ஓரத்தில் அளந்து வைத்த சட்டம் அது. நல்ல விளைச்சலில் மட்டுமே விட்டுவை என்று அதில் இல்லை. விளைச்சல் எப்படியிருப்பினும் ஓரம் ஓரமே.

உலக நாடுகள் இந்தத் திசையில் தட்டுத்தடுமாறி நடந்திருக்கின்றன. 1992இன் உயிர்ப்பன்மை உடன்படிக்கை, உயிர்வளம் அந்தந்த நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டது என்றது. பெயரும் ஊரும் தெரிந்த கடனுக்கு அது பொருந்தும். 2001இல் உருவான பயிர் மரபுவள ஒப்பந்தமோ நெல் உள்ளிட்ட பல பயிர்களை நாடுகளின் பொதுக் களஞ்சியமாக்கி, பயனில் ஒரு பகுதியை ஏழை நாட்டு உழவருக்கென ஒரு பொது நிதியில் சேர்க்க வழி செய்தது. ஓரக்கதிர்ச் சட்டத்துக்கு இது அண்மையில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பணம் சேரும் வேகம் குறைவு என்பது வேறு செய்தி. நம் நாட்டிலும் 2001இல் இயற்றப்பட்ட பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையையும் சேமிக்க, விதைக்க, பகிர, வணிகப் பெயரின்றி விற்க உழவருக்கு உரிமை அளித்தது. பழைய ரகங்களைக் காத்துவந்த சமூகங்களுக்கென மரபணு நிதியொன்றையும் ஏற்படுத்தியது.

பணத்தால் மட்டும் தீரும் கடனும் அன்று இது. ஒரு செய்தி இதை உணர்த்தும். 1970களில் ஆசிய நெல்லைப் புல்குட்டை வைரசு நோய் வாட்டியபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல்வகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து திரட்டப்பட்டிருந்த ஒரு காட்டு நெல் மட்டுமே நோயைத் தாங்கியது. அந்த ஒன்றின் துணையால் 1976இல் ஐ.ஆர்.36 வெளிவந்து, ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாகப் பயிரான நெல்லாயிற்று. அந்தக் காட்டு நெல் வளர்ந்த குட்டையை அதற்கு முன்பே யாரேனும் மண்ணிட்டுத் தூர்த்திருந்தால்? நம் ஊர்க் குளக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் காட்டு நெல் இன்னும் முளைக்கிறது. அவற்றுக்கு நாம் விட்டுவைக்கும் ஓரம் எவ்வளவு என்பது, மனைப்பிரிவுகளாக மாறிவரும் ஏரிப்புறங்களைப் பார்த்தால் தெரியும். வயலில் களையைப் பயிரோடு விட்டுவைக்கச் சொன்ன நற்செய்தி உவமையை உழவரொருவர் நம்மிடம் ஐயத்தோடு கேட்டதுண்டு. வேளாண்மை தெரிந்தவர் அப்படிச் சொல்வாரா என்று. மாலியின் களையை அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று காவலர் இருப்பதால் சம்பா மசூரி என்றென்றைக்கும் பாதுகாப்பானது என்று எண்ணவும் இடமில்லை. எக்ஸ்.ஏ.21ஐத் தனியே வென்றுவிடும் கிருமிவகைகள் இந்தியாவிலேயே காணப்பட்டிருக்கின்றன; மூன்றை ஒருசேர வைத்ததன் காரணமே அதுதான். கிருமியும் கற்றுக்கொள்கிறது. நாளை நமக்கு நான்காவது தேவைப்படும். அது எந்தக் குட்டையில், யாருடைய களையில் இருக்கிறதோ.

இதற்கிடையில் கடன் தன் முகவரியைத் தானே தேடி வந்திருக்கிறது. 2019 முதல் கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் இலைக்கருகல் நோய் பரவியது. ஆப்பிரிக்காவில் முன்பே இருந்த வகையன்று அது. ஆசியக் கிருமிகளுக்கு நெருங்கிய உறவு என்று ஆய்ந்தவர் கண்டனர். ஆப்பிரிக்கா நமக்குக் காவலனை அனுப்பியது. ஆசியாவிலிருந்து அங்கே நோய் போய்ச் சேர்ந்திருக்கிறது. தான்சானியா மாலியன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பாலுள்ளது. எனினும் அங்கும் சிறு வயலை நம்பி வாழும் உழவர்களே நெல் பயிரிடுகிறார்கள். பல நாட்டு அறிவியலார் கூடி, கிழக்கு ஆப்பிரிக்காவில் பயிராகும் கொம்போகா என்னும் நெல்லில் கிருமியின் சாவி பொருந்தும் சர்க்கரைப் பூட்டுகளை மாற்றி, அதற்கு எதிர்ப்பாற்றல் அளித்துவிட்டதாக 2023இல் அறிவித்தனர். வங்கத்து ஆவுஸ் நெல்லில் இயற்கையாகவே மாறியிருந்த பூட்டு கற்பித்த பாடம் அது. ஆனால் இம்முறை மாற்றியது மகரந்தத் தூவலால் அன்று, மரபணுத் திருத்தத்தால். கைவைக்கலாமா என்னும் கேள்வியை முன்பு ஒதுக்கிவைத்தோமே, அது இங்கே உரிய இடத்தில் மீண்டும் எழும். அதற்குத் தனியே ஒரு கட்டுரை வேண்டும். அந்த விதையை என்ன விலையில், எந்த நிபந்தனையோடு உழவரின் கையில் சேர்ப்பது என்பதோ பூட்டை மாற்றியவர்கள் மட்டும் தீர்மானிக்கும் காரியமன்று. மாலியின் களையை உலையிலிட்டு உண்ணும் நமக்கும் அதில் பேச்சுண்டு.